பிறதுறை மாணவர் சட்டத்துறைக்கு மாறுதல்: சில விளக்கங்கள்

முன்னுரை

இந்திய ஆய்வியல், மொழியியல், கல்வியியல் முதலிய துறைகளில் பயிலும் மாணவருள் சிலர், முதலாம் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ சட்டத்துறைக்கு மாறிச்செல்ல விழைகின்றனர். அவர்கள் முதலில் நாடுவது பெரும்பாலும் தம் விரிவுரையாளரை. சிலர் பள்ளியில் தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரை நாடுவர். நாம் கூறும் ஒரு சொல்லால் ஒரு மாணவரின் மூன்று நான்கு ஆண்டுகளும், ஒரு குடும்பத்தின் சேமிப்பும் திசைமாறக்கூடும். ஆதலின், இத்துறைமாற்றம் பிற மாற்றங்களினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் நிலைகொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

பட்டமும் தொழில்தகுதியும்

வரலாற்றுத் துறையிலிருந்து மொழியியலுக்கு மாறும் மாணவர் பல்கலைக்கழகத்தின் இசைவைப் பெற்றால் போதும். சட்டத்துறையின் நிலை வேறு. பட்டம் அளிப்பது பல்கலைக்கழகம்; அப்பட்டத்தைக் கொண்டு வழக்குரைஞராகலாமா என முடிவு செய்வது நாட்டின் சட்டம்.

தீபகற்ப மலேசியாவில் இதனை வரையறுப்பது 1976ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டமாகும். அதன் 3ஆம் பிரிவு ‘தகுதி பெற்றவர்’ யாவர் என்று கூறுகின்றது. மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் பட்டதாரிகளோடு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகச் சட்டப் பட்டதாரிகளும் அதில் இடம்பெறுவது நோக்கத்தக்கது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1950களில் சட்டத்துறையும் நம் இந்திய ஆய்வியல் துறையும் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே தோன்றின. பின்னர் இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. சட்டத்துறை சிங்கப்பூரிலேயே நிலைத்தது. கோலாலம்பூரில் சட்டப்புலம் 1972இல்தான் தொடங்கப்பெற்றது.

சட்டத்தொழில் தகுதி வாரியம் ஏற்கும் அயல்நாட்டுச் சட்டப் பட்டம் பெற்றோர், 1984 முதல் நடைபெற்றுவரும் சி.எல்.பி. தேர்வில் ஐந்து தாள்களிலும் தேறுதல் வேண்டும். அதன்பின் ஒன்பது மாதச் ‘சேம்பரிங்’ பயிற்சி உண்டு. மலாய்மொழியில் போதிய தேர்ச்சியும் இன்றியமையாதது. எனவே, பெயரில் ‘சட்டம்’ என்னும் சொல் இருப்பதாலேயே ஒரு பட்டம் நீதிமன்றத்தின் கதவைத் திறந்துவிடாது.

ஏற்புப் பட்டியல் நிலையானதும் அன்று. சிங்கப்பூர் அரசு தான் ஏற்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கையை 19இலிருந்து 11ஆகக் குறைக்கும் முடிவினை 2015இல் அறிவித்தது. 2016 முதல் புதிதாகப் படிப்பைத் தொடங்கியோர்க்கு அது நடைமுறைக்கு வந்தது. மூத்த மாணவர் ஒருவர் சென்ற வழி இளையவர்க்கும் திறந்திருக்கும் எனக் கொள்ளுதல் தகாது.

முன்பயின்ற ஆண்டுகள் என்னாகும்?

மாணவர் பெரிதும் எதிர்பார்ப்பது கிரெடிட் மாற்றத்தை. நான்கு பருவங்கள் பயின்றுவிட்டதால் சட்டத்துறையில் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சேரலாம் என்று எண்ணுகின்றனர். ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம், குற்றவியல் சட்டம், அரசமைப்புச் சட்டம், நிலச் சட்டம் ஆகியன சட்டக்கல்வியின் அடித்தளப் பாடங்கள். இவற்றிற்கு ஈடாகச் சங்க இலக்கியத்தையோ ஒலியியலையோ காட்டல் இயலாது. ஆகவே, இடம் கிடைப்பினும் பெரும்பாலும் முதலாண்டிலிருந்தே தொடங்க நேரிடும். உதவித்தொகையோ கல்விக்கடனோ பெறுவோர், துறைமாற்றத்தால் அது நிறுத்தப்படுமா என்பதை ஒப்பந்தத்தைப் படித்து உறுதிசெய்தல் வேண்டும்.

இதற்கு மாற்றுவழி, தொடங்கிய பட்டத்தை நிறைவுசெய்து, அதன்பின் சட்டம் பயில்வதாகும். சிங்கப்பூரில் இவ்வழி நன்கு வகுக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகம் 2009இல் பிறதுறைப் பட்டதாரிகளுக்கான ஜே.டி. பட்டத்தைத் தொடங்கியது. 2017இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளி, குடும்பச் சட்டத்திலும் குற்றவியலிலும் சிறப்புக் கவனம் செலுத்துகின்றது. மலேசியாவில், பணிபுரிந்துகொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் புறநிலைச் சட்டப்பட்டம் பயின்று, பின்னர் சி.எல்.பி. எழுதியோர் பலர். இவ்வழியில் காலம் கூடுதலாகும். எனினும், சட்டக்கல்வி இடையில் தடைப்பட்டாலும் மாணவர் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

தமிழ்க்கல்வி தரும் பயிற்சி

கிரெடிட் மாறாவிடினும் பயிற்சி மாறிச்செல்லும். தொல்காப்பிய மரபியல், நூலுக்குரிய 32 உத்திகளைக் கூறுகின்றது. ஒரே நூற்பாவிற்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வெவ்வேறு உரை கூறும் இடங்களை நம் மாணவர் ஒப்பிட்டுக் கற்கின்றனர். எச்சொல்லில் கருத்து வேறுபடுகின்றது, முன்னும் பின்னும் உள்ள நூற்பாக்கள் எவ்வுரைக்குத் துணைநிற்கின்றன என ஆராய்கின்றனர். சட்டப்பிரிவு ஒன்றற்குப் பொருள்காணும் முறையும் இதனோடு நெருங்கியதே. வேறுபாடும் உண்டு. உரையாசிரியர் கருத்தை நாம் மறுக்கலாம். மேல்நீதிமன்றத் தீர்ப்போ கீழ்நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும். இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர்க்குத் தமிழ் பயின்ற ஆண்டுகள் வீணானவை அல்ல.

முடிவுரை

அறிவுரை நாடும் மாணவரிடம் மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் நன்று. எந்நாட்டில் தொழில்புரிய விரும்புகின்றார்? அவர் சேரக் கருதும் பட்டத்தை அந்நாட்டின் உரிய வாரியம் இன்று ஏற்கின்றதா? மீண்டும் முதலாண்டிலிருந்து பயிலக் காலமும் பொருளும் உண்டா? இரண்டாம் வினாவிற்குரிய விடையைக் கல்லூரி விளம்பரத்தில் தேடாமல், வாரியத்திடமிருந்தே எழுத்துவடிவில் பெறச் செய்தல் வேண்டும். இம்மூன்றற்கும் தெளிவான விடையுடைய மாணவரைத் துறைப்பற்றின் காரணமாக நாம் தடுத்தல் முறையன்று. விடை தெளியாதவரை, கையிலுள்ள பட்டத்தை முதலில் முடிக்குமாறு கூறுவதே ஆசிரியர் கடனாகும்.