கல்லக்குடியின் கடல்

கல்லக்குடி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1953-இல் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த போராட்டம்தான். ஊருக்கு டால்மியாபுரம் என்ற பெயர் கூடாது என்று நடந்தது அது. இன்று ரயில் நிலையப் பலகையில் ‘கல்லக்குடி பழங்காநத்தம்’ என்றே இருக்கிறது. பெயர் மீண்டுவிட்டது. எந்தக் கல்லை நம்பி 1939-இல் அங்கே சிமென்ட் ஆலை வந்ததோ, அந்தக் கல்லைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

அது ஒரு காலத்தில் பவளத்திட்டு. பத்து, பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அண்டார்க்டிகா அப்போதே விலகிவிட்டது. அந்த விலகலில் கிழக்கோரம் தாழ, கடல் உள்ளே ஏறியது. இன்று சுமார் 100 கிலோமீட்டர் கிழக்கே கிடக்கும் கடல் அன்று கல்லக்குடிப் பக்கம் அலையடித்தது. ஆழமில்லாத நீரில் பவள உயிர்கள் கூடு கட்டின. அவை செங்கல் என்றால், மேலே படர்ந்து இறுகிய சிவப்புப் பாசிதான் சாந்து.

புதிதாக உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் வெறும் வெளிறிய கல்தான். கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். பவளக் குழல்கள் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். அவற்றைச் சுற்றி மெல்லிய வரிகளாகப் பாசி, இடையில் ஒரு சிப்பியின் ஓரம். காய்ந்ததும் பழையபடி வெறும் கல்.

1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தென்னாட்டில் திரட்டிய தொல்லுயிர் எச்சங்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பிறகு வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இவரே. திருச்சிப் பாறைகளைப் பற்றி 1862-இல் வெளிவந்த அறிக்கையில், கல்லக்குடிக் கல் பவளத்திட்டுச் சுண்ணாம்புக்கல் என்று எழுதிவைத்தார். அவர் கண்டது தரைக்கு மேல் தெரிந்த பாறையை.

இன்று அங்கே தரைக்குக் கீழே பார்க்க வேண்டும். ‘மைன்ஸ்’ என்று ஊரார் சொல்லும் பள்ளங்கள் படிப்படியாக இறங்குகின்றன. வெடி வைக்கிறார்கள், டிப்பர் ஏற்றிப்போகிறது, கிரஷர் நொறுக்குகிறது. சூளையில் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் வெந்து, சிமென்டுக்கு அரைபடும் கிளிங்கராகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ வெந்தால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். கடலிலிருந்து அந்த உயிர்கள் எடுத்துப் பூட்டிவைத்த கரிதான் அது.

சுரங்கத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தச் சிமென்டில் எழும்பிய வீட்டில்தான் நாமும் இருக்கிறோம். தவிர, திட்டின் உள்வயிற்றைக் காட்டியதும் சுரங்கம்தான். அடியில் சாம்பல் நிறக் களிப்பாறை, அதன்மேல் பவளத்திட்டு, அதையொட்டி அடுக்கடுக்கான சுண்ணாம்புக்கல் என்ற வரிசையைப் பிளான்ஃபோர்ட் காலத்து மேட்டில் இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க முடியாது. இன்று புவியியல் மாணவர்கள் ‘டால்மியாபுரம் படிவம்’ என்று படிப்பது இந்த வெட்டு முகங்களைத்தான். தொல்லை என்னவென்றால், இந்த ஆண்டு அளந்த முகம் அடுத்த ஆண்டு இருக்காது.

மன்னார் வளைகுடாவில் இதே கதை உயிருள்ள பவளத்துக்கு நடந்தது. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காக வெட்டி ஏற்றினார்கள். 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போயின. 2001-இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. செத்துக் கல்லான திட்டுக்கு அப்படியொரு காவல் கிடையாது. சாத்தனூர்க் கல்மரம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். காரை ஊரின் செம்மண் ஓடைக்காடும் அப்படியே. கல்லக்குடித் திட்டு அந்தப் பட்டியலில் இல்லை. முழுச் சுரங்கத்தையும் யாரும் கேட்கவில்லை. கல் தீர்ந்த பள்ளத்தில் ஒரே ஒரு வெட்டு முகத்தை, பவளமும் பாசியும் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, வெடி வைக்காமல் வேலி போட்டு விட்டால் போதும். சுரங்கத்தை மூடுவதற்கென்று திட்டம் ஒன்று எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். அதில் ஒரு வரி சேர்ப்பது ஆலைக்குப் பெரிய செலவும் இல்லை.