கடிகாரம் பார்த்துத் தரும் மருந்து

புற்றுநோயாளியின் வலியை அளக்கக் கருவி எதுவும் இல்லை. நோயாளி சொல்வதுதான் அளவு. வலியே இல்லை என்றால் பூஜ்யம், இதற்குமேல் தாங்க முடியாது என்றால் பத்து. இப்போது எத்தனை என்று மருத்துவமனைகளில் கேட்கிறார்கள். எண் சொல்லத் தெரியாத குழந்தைக்குச் சிரிப்பிலிருந்து அழுகைவரை வரைந்த முகங்களைக் காட்டுவார்கள். பேச முடியாமல் கிடப்பவரிடம் முனகலையும், புரட்டிப் படுக்கவைக்கும்போது முகம் சுளிப்பதையும் கவனிக்க வேண்டும்.

எத்தனை என்பதோடு எப்படி வலிக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இங்கே தமிழ் மொழி மருத்துவருக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. எலும்பில் நோய் பரவியவர் 'குடைகிறது' என்பார், அசைந்தால் கூடும். குடல் அடைபட்டால் 'முறுக்கிப் பிடிக்கிறது'. நரம்பை நோய் தொட்டுவிட்டால் பேச்சே மாறிவிடும்: 'மிளகாய் பூசினமாதிரி எரியுது', 'ஷாக் அடிச்சமாதிரி சுளீர்னு இழுக்குது', 'எறும்பு ஊருது'. இந்த நரம்பு வலி சாதாரண வலி மாத்திரைக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், வலிப்புக்குத் தரும் கபாபென்டின் போன்றவை இதற்குக் கேட்கும். எதற்காக அந்த மாத்திரை என்று முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது. இல்லையென்றால், 'எனக்கென்ன மனநோயா?' என்று நோயாளி நிறுத்திவிடக்கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகளை வகுத்தது. முதல் படியில் பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை. பாரசிட்டமால் வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் இன்னும் குறைவு. ஐபுபுரூஃபன் வகை எலும்பு வலிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும். இரண்டாம் படியில் கோடீன், டிரமடால். மூன்றாவது மார்ஃபின். கடும் வலியோடு வருபவரை முதல் படியிலிருந்து ஏற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. 2018இல் வந்த புதிய வழிகாட்டியும் படிகளைக் கட்டாய விதியாக வைக்கவில்லை.

படியைவிட முக்கியமானது நேரம். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் வலி இருக்கிறதோ இல்லையோ, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை தர வேண்டும். 'வலி வந்தா போட்டுக்கலாம்' என்று காத்திருந்தால் ஏறிவிட்ட வலியை இறக்குவது கடினம். இடையில் திடீரென்று கிளம்பும் வலிக்குத் தனியாக ஒரு கூடுதல் வேளை எழுதித் தரப்படும்.

மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டாலே வீட்டார் அஞ்சுகிறார்கள். பழக்கமாகிவிடும், மூச்சு நின்றுவிடும், இது கடைசி மருந்து என்பவை அந்த அச்சங்கள். வலிக்காக, மருத்துவர் கண்காணிப்பில், சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும்போது இந்த ஆபத்துகள் மிகக் குறைவு. சிறுநீரகம் பழுதானவருக்குக் கூடுதல் கவனம் தேவை. வலி விட்டுப்போனால் மருந்தையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். குமட்டலும் தூக்கமும் சில நாளில் சரியாகும். விடாமல் தொடர்வது மலச்சிக்கல். முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்து எழுதுவது அதனால்தான்.

மருத்துவத் தேவைக்காகச் சட்டப்படி கசகசாச் செடி பயிரிட்டு, மார்ஃபினுக்கு மூலமான அபின் எடுக்கும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அது விளைகிறது. அப்படியிருந்தும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கேட்ட பல உரிமங்களால் மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே விட்டுவிட்டன. நோயாளிகள் துடித்தார்கள், இது நேர்ந்திருக்கவே கூடாது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் சகாக்களும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு இந்நிலையை மாற்றப் போராடியவற்றுள் முக்கியமானது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது.

மாத்திரை மட்டுமே வலிக்கு மருந்தல்ல. எலும்பு வலிக்குப் பல நேரங்களில் ஒரே ஒரு தடவை தரும் கதிர்வீச்சே போதும். பலன் தெரியச் சில நாள் முதல் சில வாரம் ஆகும். கணையப் புற்றுநோயில் முதுகுவரை துளைக்கும் வலிக்கு, வயிற்றின் பின்புற நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலி செல்லும் வழியை அடைக்கலாம். இடித்துக்கொண்ட முழங்காலைக் கை தானாகத் தேய்த்துவிடுகிறதே, அதற்கும் விளக்கம் உண்டு: தொடு உணர்வு முதுகுத்தண்டில் வலிச் செய்தியின் வாசலைச் சற்றே சாத்துகிறது என்று மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் 1965இல் எழுதினார்கள். மெல்லப் பிடித்துவிடுவது, ஒத்தடம், தோலில் மின்முனை ஒட்டித் தரும் லேசான துடிப்பு ஆகியவற்றுக்கு இதுவே அடிப்படை. மரத்துப்போன இடத்திலும் கதிர்வீச்சு பட்ட தோலிலும் சுடு ஒத்தடம் கூடாது. காலுக்கடியில் ஒரு தலையணை, பிடித்த பாட்டு, நிதானமான மூச்சு, பக்கத்தில் ஆள் இருப்பது எல்லாமே மருந்தோடு சேர்ந்து உதவுகின்றன.

மருந்தின் அளவைக் கூட்டியும் அடங்காத வலியும் உண்டு. 1967இல் லண்டனில் சாவை நெருங்கியவர்களுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாவற்றின் நோவும் சேர்ந்ததே முழு வலி என்றார். மகள் கல்யாணம், அடகு வைத்த நகை, சாவைப் பற்றிக் கேட்க முடியாத கேள்வி ஆகியவை இரவில்தான் பெரிதாகும். அவற்றைக் கேட்க ஒருவர் உட்கார வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிவரும் வலி நிவாரணச் சேவையும் உண்டு. இப்படி வீட்டுக்கு வருபவரிடம் சொல்ல வேண்டியவை சில: வலி எத்தனை, எந்த நேரத்தில் கூடுகிறது, மருந்து எத்தனை வேளை தவறியது, மலம் போனதா, ராத்திரி தூங்கினாரா.