ஙொய்யென்ற அந்தச் சத்தம்

ஜூலை 26-ல் தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டால் ஆகஸ்ட் 5 வரை எங்கள் தெருவில் தூக்கம் கிடையாது. சிறுவயதில் அந்தப் பதினொரு நாளும் நான் கோயிலுக்குள் இருந்ததைவிட மைக் செட் அண்ணாச்சியின் மேசைக்கடியில் இருந்ததுதான் அதிகம். ஆம்ப்ளிஃபயருக்குள் வால்வுகள் சிவக்கும். குழாய் ஸ்பீக்கரில் பாட்டுக்கு முன்னால் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் வரும். அண்ணாச்சி மைக் வயரைத் தூக்கி, கரண்ட் வயருக்குக் குறுக்கே போடுவார், சத்தம் இறங்கும். கூடவே ஒட்டி ஓடவிட்டால் ஏறும்.

“லே தம்பி, வயரை மிதிக்காத. ஏற்கெனவே பேய் புகுந்து கெடக்கு.”

அந்தப் பேய் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைய மைக் வயரில் நடுவே ஒரே கம்பி, அதைச் சுற்றிச் செம்புப் பின்னல், முனையில் பி-38 ஜாக். ஒலி நடுக்கம்பி வழியே போகும், பின்னல் வழியே திரும்பும். வெளிச்சத்தம் உள்ளே வராமல் காக்கும் வேலியும் அதே பின்னல்தான். வேலியே பாதையாகவும் இருந்தால், வேலியில் ஓடுவதெல்லாம் பாட்டோடு சேர்ந்து நடக்கும். மைக் தருவதோ சில மில்லிவோல்ட். அதை மேடையிலிருந்து இருபது முப்பது மீட்டர் இழுத்து வந்தால் பேய்க்குக் கொண்டாட்டம்தான்.

பிறகு கேனன் வந்தது. எக்ஸ்எல்ஆர் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் வாயில் அது இன்றும் கேனன்தான். லாஸ் ஏஞ்சலஸில் ஜேம்ஸ் கேனன் தொடங்கிய கம்பெனியின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதில் மூன்று முள். ஒன்று பின்னலுக்கு, மற்ற இரண்டும், ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வரும் இரண்டு கம்பிகளுக்கு. இந்த யோசனை டெலிபோன்காரர்களுடையது. தந்திக்கு ஒற்றைக் கம்பி போதும், திரும்பும் வழிக்குப் பூமி இருந்தது. டெலிபோனை அப்படி ஓட்டினால் ஊரிலுள்ள இரைச்சலெல்லாம் காதுக்குள் வந்தது. இரண்டு கம்பிகளை முறுக்கி ஓட்டும் முறைக்கு கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

உப்பளத்துக்காரனுக்கு இதை விளக்க ஒரு தராசு போதும். இரண்டு தட்டிலும் ஒரே அளவு தூசி படிந்தால் முள் அசையாது. ஒரு தட்டில் வைத்த சரக்கு மட்டும்தான் அசைக்கும். வாங்கும் பக்கம் இரண்டு கம்பிக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வழியில் இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகிறது. இரண்டு கம்பியிலும் ஒலி எதிரெதிராக ஓடியே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கட்டாயமில்லை. இரண்டின் மின்மறுப்பும் சமமாக இருக்கவேண்டும், அதுதான் கட்டாயம். தராசின் கை கோணினால் எந்தத் தட்டும் உதவாது.

எங்கள் வீட்டு டேப் டெக், கப்பலில் போய்வந்த மாமா கொண்டுவந்தது. அதையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைத்தது ஒரு மீட்டர் ஆர்சிஏ வயர், 1930-களில் அமெரிக்க ரேடியோ கம்பெனி போட்ட அதே ஒற்றை முள் பின். ஒரு மீட்டருக்கு அது தாராளம். எங்கள் தொல்லை மொட்டைமாடியிலிருந்து வந்தது. இலங்கை ரூபவாஹினி பார்க்க உயரமாக நட்ட ஆன்டெனாவின் வயர் டிவிக்குள் இறங்கும். டிவியின் ஒலியை ஆம்ப்ளிஃபயரில் செருகிய நொடியே ‘ஙொய்’. இரண்டு பாதையில் எர்த் கிடைத்தால் பின்னலில் மின்சாரம் சுற்றும். மெக்கானிக் ஒருவர் வந்து, மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிட்டுப் போனார். சத்தம் நின்றது. மறுவாரம் டெக்கின் இரும்புப் பெட்டியைத் தொட்ட அம்மாவுக்கு ஷாக்! அப்படி யாரும் செய்யாதீர்கள்.

இன்னொன்றும் நடந்தது. ஓர் இரவு டெக்கை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கரில் யாரோ மெல்லப் பேசினார்கள். தூத்துக்குடி வானொலியின் 200 கிலோவாட் ஒலிபரப்பி 1053 கிலோஹெர்ட்ஸில் கடல் தாண்டிப் பேசுகிறது. பக்கத்தில் இருக்கும் எங்களுக்குக் கேட்க ரேடியோவே வேண்டாம் போலிருக்கிறது. அவர்கள்மேல் குற்றமில்லை. என் பின்னில் பிடித்த பச்சைத் துரு டயோடு மாதிரி வேலை பார்த்தது. பென்சில் ரப்பரால் தேய்த்துத் திருகியதும் பேச்சு நின்றது.

இன்று வீட்டு ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்திலேயே கேனன் சாக்கெட். அந்த இரண்டு கம்பி முறையைத்தான் ‘பேலன்ஸ்டு’ என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். பல பெட்டிகளில் வாசல்தான் கேனன். ஒலி உள்ளே நுழைந்ததும் ஒற்றைக் கம்பிச் சர்க்யூட்தான். போன வருடம் நண்பர் ஒருவர் இரண்டு வழியிலும் மாற்றிப் போட்டுக் காட்டி, கேனனில் பாட்டு உயிரோடு இருக்கிறது என்றார். இருக்கத்தான் செய்யும். ஆர்சிஏ வழியே 2 வோல்ட், கேனன் வழியே 4 வோல்ட். ஆறு டெசிபல் கூடுதல். சத்தம் கூடினால் காது அதை நயம் என்று எடுத்துக்கொள்ளும். வால்யூமைச் சமப்படுத்திவிட்டு அவரைத் திரும்பி உட்காரச் சொன்னேன். எது எது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான்.

பாட்டு தரும் பெட்டி ஒரு மூலையிலும் பவர் ஸ்பீக்கர் பத்து மீட்டர் தள்ளியும் இருந்தால் நானே கேனன் போடச் சொல்வேன். ஒரே அலமாரியில் அடுத்தடுத்த தட்டென்றால் அந்தக் காசுக்கு நாலு இசைத்தட்டு வாங்கலாம்.

அவர் வீட்டிலும் லேசாக ‘ஙொய்’ இருந்தது. செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி வயரைக் கழற்றினேன். நின்றது. டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஆப்டிகல் வயர் போட்டுக்கொள்ளச் சொன்னேன். வெளிச்சம் போகும் வயரில் செம்பே கிடையாது, எர்த் சுற்றவும் வழியில்லை. கிளம்பும்போது அவருடைய கேனன் பின் ஒன்றை உருவிப் பார்த்தேன். வாங்கி எட்டு மாதம்தான். அவர் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு. முள்ளின் அடியில் பச்சை ஏற ஆரம்பித்திருந்தது.