பிராக்ஸி போட்டா பிங் குறையுமா?

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது, கோவில்பட்டியிலிருந்து சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணே, என் அக்கவுண்ட் போச்சுண்ணே"ன்னான். பேங்க் அக்கவுண்ட்னு நினைச்சுப் பதறிட்டேன். அவன் சொன்னது கேம் அக்கவுண்ட். அப்பாடான்னு இருந்துச்சு, ஆனா அவன் குரலைக் கேட்டதும் அந்த நிம்மதி போயிடுச்சு. ரெண்டு வருஷமா சாயங்காலம் கடலை மிட்டாய்க் கடையில பேக்கிங் வேலை பார்த்து, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிஎஸ்4 வாங்கி, ஒவ்வொண்ணா நாலு கேம் சேர்த்தவன். நாலும் டிஸ்க் இல்லை, டவுன்லோடு. அக்கவுண்ட் போனா நாலும் போச்சு.

நடந்தது இதுதான். மேட்ச்ல லேக் ஆகுதுன்னு தேடியிருக்கான். "எங்க பிராக்ஸி போட்டா பிங் பாதியாகும்"னு ஒரு டெலிகிராம் சேனல். மாசம் 299 ரூபாய். ரெண்டு மாசம் கட்டியிருக்கான். ஒரு ஐபி நம்பரும் போர்ட் நம்பரும் குடுத்தாங்க, கன்சோல்ல போட்டான். லேக் குறையலை. கேட்டதுக்கு, "உங்க அக்கவுண்டை எங்க சர்வரோட இணைக்கணும்"னு ஒரு லிங்க் வந்துச்சு. அதுல பாஸ்வேர்டை அடிச்சான். விடிஞ்சு பார்த்தா மெயில் ஐடியே மாறியிருந்துச்சு.

அதனால இன்னைக்கு எபிசோட் பிராக்ஸி பத்தி. அது என்ன செய்யும், என்ன செய்யவே செய்யாது, எப்போ நிஜமாவே உதவும்.

உள்ளேன் ஐயா

காலேஜ்ல பிராக்ஸின்னா நமக்குத் தெரியும். வராதவனுக்குப் பதிலா இன்னொருத்தன் 'பிரசென்ட் சார்' சொல்றது. நெட்வொர்க்லயும் ஏறக்குறைய அதேதான். உங்க கன்சோல் நேரா இன்டர்நெட்டுக்குப் போகாம, நடுவுல ஒரு கம்ப்யூட்டர்கிட்ட "எனக்காக அதை வாங்கிட்டு வா"ன்னு சொல்லும். அந்தக் கம்ப்யூட்டர் தன் பேர்ல போய்க் கேட்டு, வாங்கிட்டு வந்து குடுக்கும்.

நான் ஊருக்குக் கிளம்பினா சென்னை நண்பர்கள் "மச்சி, கடலை மிட்டாய் வாங்கிட்டு வா"ன்னு சொல்லுவாங்க இல்லையா, அப்போ நான்தான் பிராக்ஸி. புத்திசாலியா பத்து பாக்கெட் சேர்த்து வாங்கி ரூம்ல வச்சுட்டேன்னா, அடுத்து கேட்கிறவனுக்காக மறுபடி கோவில்பட்டிக்குப் போக வேண்டாம். இதுக்குப் பேர் கேச்சிங்.

நான் இதைக் கத்துக்கிட்டது ஹாஸ்டல்ல. நம்ம நாட்டுல நிறைய இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்கள்ல ரொம்ப வருஷம் பிராக்ஸி வழியாத்தான் நெட் கிடைச்சுச்சு. யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டாத்தான் வெளியே விடும். பிஎஸ்4-ல பிராக்ஸிக்கு அட்ரஸும் போர்ட்டும் போட இடம் இருக்கு, பாஸ்வேர்ட் போட இடமே கிடையாது. அதனால பசங்க லேப்டாப்ல சிஎன்டிஎல்எம் மாதிரி ஒரு குட்டி பிராக்ஸியை ஓட விடுவாங்க. கன்சோல் லேப்டாப்பைக் கேட்கும், லேப்டாப் பாஸ்வேர்டைச் சேர்த்து காலேஜ் பிராக்ஸியைக் கேட்கும். பிராக்ஸிக்கு ஒரு பிராக்ஸி!

ஏன் பிங் குறையாது?

கன்சோல்ல இருக்கிற பிராக்ஸி செட்டிங் வெப் போக்குவரத்துக்கானது. ஸ்டோர், லாகின், டவுன்லோடு இதெல்லாம் அந்த வழியா போகும். மேட்ச் போகாது. நீங்க ஓடுறது, சுடுறது எல்லாம் பெரும்பாலும் யுடிபி-ங்கிற வேற முறையில நேரா கேம் சர்வருக்குப் போகும். சாதாரண ஹெச்டிடிபி பிராக்ஸி அதைத் தொடவே தொடாது. தம்பி ரெண்டு மாசம் காசு கட்டினது, அவன் மேட்ச் போகாத ரோட்டுக்கு.

சரி, ஒரு பேச்சுக்கு அது வழியாவே போகுதுன்னு வைப்போம். ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போயிட்டு வர 1,000 கிலோமீட்டருக்கு 10 மில்லிசெகண்ட்னு கணக்கு வச்சுக்கலாம். நமக்குக் கிட்ட இருக்கிற கேம் சர்வர்கள் பெரும்பாலும் மும்பையிலயோ சிங்கப்பூர்லயோ இருக்கும். அவன் போட்ட பிராக்ஸி ஆம்ஸ்டர்டாம்ல இருந்துச்சு. நேர்கோட்டுலயே 7,500 கிலோமீட்டருக்கு மேல. அங்க போயிட்டு வரவே குறைஞ்சது 75 மில்லிசெகண்ட். சாத்தூருக்குப் போக மதுரை சுத்திப் போனா சீக்கிரம் போயிடலாம்னு சொல்ற மாதிரி இது.

வேற நாட்டு ஸ்டோர்ல மலிவா வாங்கலாம்ங்கிறதும் நடக்காது. பிஎஸ் ஸ்டோர் பார்க்கிறது உங்க அக்கவுண்ட்ல இருக்கிற நாட்டை, பிராக்ஸி இருக்கிற நாட்டை இல்லை. அந்த நாட்டை அக்கவுண்ட் தொடங்கின பிறகு மாத்தவும் முடியாது.

அப்போ லேக் ஏன்?

ஊருக்குப் போய்ப் பார்த்தேன். அவன்கிட்ட இருக்கிறது 2013-ல வந்த முதல் மாடல் பிஎஸ்4. அதோட வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். பின்னாடி வந்த ஸ்லிம், ப்ரோ மாடல்ல 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு. ரவுட்டர் முன் ரூம்ல, கன்சோல் பின் ரூம்ல, நடுவுல ரெண்டு சுவர், தெரு முழுக்க அக்கம்பக்கத்து வைஃபை. பஜார்ல ஒரு பத்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி சொருகினோம். லேக் போச்சு. அந்தக் கேபிள் விலை, அவன் கட்டின காசைவிடக் கம்மி.

பிராக்ஸி உதவுற இடம்

எங்க கரிசல் மண்ணு மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். தெருவுல ஃபைபர் கரண்ட் போஸ்ட்லதான் தொங்குது. கேபிள்காரர் பிளான்ல இத்தனை ஜிபி தாண்டினா வேகத்தைக் குறைச்சிடுவாங்க. இவனும் எதிர்வீட்டுப் பையனும் ஒரே கேமை ஆளுக்கு 50 ஜிபி இறக்கினா, மாசக் கடைசியில வாட்ஸ்அப் கூட ஊர்ந்துதான் போகும்.

இங்கதான் சொந்த பிராக்ஸி வேலை செய்யும். லேப்டாப்ல ஸ்க்விட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டோம். அதோட வழக்கமான போர்ட் 3128. கன்சோல்ல செட்டிங்ஸ், நெட்வொர்க், இன்டர்நெட் கனெக்‌ஷன் போய், கஸ்டம்னு குடுத்தா கடைசியில பிராக்ஸி கேட்கும். அங்க லேப்டாப்போட ஐபியும் இந்த போர்ட்டும். பிஎஸ்4 கேம் ஃபைல்கள் பூட்டு இல்லாத சாதா ஹெச்டிடிபி-ல வர்றதால, லேப்டாப் ஒரு காப்பி வச்சுக்கும். எதிர்வீட்டுப் பையன் தன் கன்சோலைத் தூக்கிட்டு வந்தா, வீட்டுக்குள்ளேயே இறங்கிடும்.

மூணு விஷயம் கவனிங்க. ஸ்க்விட் தானா 4 எம்பி-க்கு மேல ஒரு ஃபைலைச் சேமிக்காது, அந்த அளவைக் கூட்டணும். கன்சோல் துண்டு துண்டா கேட்கும், முழுசா எடுத்து வைக்கிற மாதிரி செட் பண்ணணும். லேப்டாப் ஐபி மாறாம ரவுட்டர்ல நிறுத்திடுங்க. லேப்டாப் தூங்கினாலும் ஐபி மாறினாலும் கன்சோல் 'நெட் இல்லை'ன்னு நிக்கும். வேலை முடிஞ்சதும் பிராக்ஸியை எடுத்துடுங்க.

யார் கையில குடுக்கிறோம்?

பயமுறுத்தாம சொல்றேன். ஹெச்டிடிபிஎஸ்-ங்கிறது சீல் வச்ச டப்பா. தூக்கிட்டு வர்றவனுக்கு எந்தக் கடைன்னு தெரியும், உள்ளே இருக்கிறது தெரியாது. அதனால பிராக்ஸி போட்டதாலயே தம்பி பாஸ்வேர்ட் போகலை. நம்பி, தானே கையில குடுத்ததால போச்சு. ஆனா சாதா ஹெச்டிடிபி பேப்பர் பொட்டலம் மாதிரி. நடுவுல இருக்கிறவன் பிரிச்சும் பார்க்கலாம், மாத்தியும் வைக்கலாம். எந்தப் பிராக்ஸியும் வேலை செய்ய உங்க கேம் பாஸ்வேர்ட் தேவையே இல்லை. கேட்டான்னா அவன் திருடன், அவ்வளவுதான்.

கன்சோல் சீரியல் நம்பர், கேம் வாங்கின ரசீது எல்லாம் வச்சிருந்ததால, மூணு வாரத்துல அக்கவுண்ட் திரும்பி வந்துச்சு. 598 ரூபாய் வரலை. இப்போ டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருக்கான். நீங்களும் இந்த எபிசோட் முடிஞ்சதும் முதல்ல அதைப் போடுங்க, ரசீது மெயில்களை அழிக்காதீங்க.

போன வாரம் பேசும்போது கேட்டான், "அண்ணே, காலேஜ்ல ஒருத்தன் எனக்கு பிராக்ஸி போடுறேங்கான், விடவா?"ன்னு. "அவனைத் தெரியுமாலே?"ன்னேன். "உயிர் நண்பன்ணே." "அப்பவும் வேண்டாம், கிளாஸுக்குப் போ"ன்னு சொல்லி வச்சுட்டேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.