வீட்டுத் தொட்டியில் குளிர்க்கடல் சுறா வேண்டாம்

பெட்டாலிங் ஜெயாவின் பகல் வெயில் ஆண்டு முழுவதும் 32, 33 டிகிரியைத் தொடும். விடியற்காலையிலும் 24 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்காது. ஐரோப்பியக் கரையோரத்துச் சிறுபுள்ளிச் சுறா, கலிஃபோர்னியாவின் லெப்பர்ட் ஷார்க், தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஜாக்சன் சுறா முதலியவை வாழும் கடலோ பெரும்பாலும் 10 முதல் 20 டிகிரிக்குள்தான் இருக்கும். பிறக்கும்போது முழ நீளம்கூட இல்லாத இந்தச் சுறாக்களைப் பார்த்ததும், இவற்றில் ஒன்று நம் வரவேற்பறையில் நீந்தினால் எப்படி இருக்கும் என்ற ஆசை மீன் பிரியர்களுக்கு வருவது இயல்பு. அந்த ஆசையில் குற்றம் இல்லை. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டுக்குள் குளிர்க்கடல் சுறாவை வளர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பணம் இருந்தாலும், அக்கறை இருந்தாலும் கூடாது. இங்கே அந்த மீனின் உயிர் நம் அன்பை நம்பி இருப்பதில்லை. சுவரில் உள்ள ஒரு மின்செருகியை நம்பி இருக்கிறது.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். 10 டிகிரி கடல்நீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். அதே நீர் 30 டிகிரியில் தாங்குவது 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல். நீர் சூடாகச் சூடாக மீனின் உடல் வேகமாக இயங்கி, அதிக ஆக்சிஜனைக் கேட்கும். தேவை ஏறும் அதே நேரத்தில் வரவு இறங்குகிறது. ஆகவே சில்லர் என்கிற குளிரூட்டும் கருவி இங்கே வசதிப் பொருள் அல்ல, அந்த மீனுக்கு மூச்சே அதுதான். ஒரு குதிரைத்திறன் சில்லர் நாளில் பாதி நேரம் ஓடினாலே 9 யூனிட், மாதத்துக்கு 270 யூனிட் மின்சாரம் போகும். பம்புகளின் செலவு தனி. சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்ளேதான் கக்கும் என்பதால், அறைக்கு ஏர்கோனும் ஓட வேண்டும். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்திருக்கிறது. 15 டிகிரி நீர் உள்ள சாதாரணக் கண்ணாடித் தொட்டியின் வெளிப்புறம் நாள் முழுவதும் வியர்த்துக்கொண்டே இருக்கும். துடைத்த இடத்தில் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முத்து முத்தாய் நீர் அரும்பும், வழிந்து மரத்தாங்கியை ஊறவைக்கும், தரையில் தேங்கும். இதைத் தவிர்க்க இரட்டைக் கண்ணாடியோ தடித்த அக்ரிலிக்கோ வேண்டும்.

“அதெல்லாம் காசு விஷயம்தானே, செலவு செய்ய முடிந்தவர் செய்யட்டுமே” என்று கேட்கலாம். காசு கருவியை வாங்கித் தரும், இடையறாத மின்சாரத்தை வாங்கித் தராது. 1996 ஆகஸ்ட் 3 அன்று தீபகற்ப மலேசியா முழுவதும் இருண்டது நடுத்தர வயதினருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட பேரிருள் அபூர்வம்தான். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. மாலை மழையில் ஒரு பெரிய இடி இடித்தால் வீட்டு மின்பெட்டி ட்ரிப் ஆவது நமக்குப் பழகிப்போன சங்கதி. எழுந்துபோய் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்போம். தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஈப்போவுக்கோ சுங்கை பட்டாணிக்கோ போயிருக்கும் நாளில் அது ட்ரிப் ஆனால்? சில்லரும் நிற்கும், பம்பும் நிற்கும். நீர் மணிக்கு மணி அறையின் சூட்டை நோக்கி ஏறும். பொது அக்குவேரியத்தில் இதற்கென மாற்று ஜெனரேட்டரும் இரவுப் பணியாளரும் இருப்பார்கள். வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்? தண்ணீர்த் தடையும் நமக்குப் புதிதல்ல. 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆறு மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோது சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் குழாய் வறண்டது. வீட்டில் குளிக்கவே நீர் இல்லாதபோது, தொட்டியில் மாற்ற வேண்டிய நீருக்கு எங்கே போவது?

“சின்னச் சுறா” என்ற சொல்லை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைத் தொட்டியில் இருப்பது குட்டி. லெப்பர்ட் ஷார்க் நாலைந்து அடி வளரும், முப்பது ஆண்டு வரை வாழக்கூடியது. ஒரு மீட்டர் நீள மீன் உடலை வளைக்காமல் திரும்புவதற்குத் தொட்டி ஒன்றரை மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அறுபது சென்டிமீட்டர் நீர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 2,700 லிட்டர். நம் வீடுகளில் பெரிதாகத் தெரியும் நாலடித் தொட்டி பிடிப்பது இதில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. 2,700 லிட்டர் என்றால் நீர் மட்டுமே 2.7 டன், சதுர மீட்டருக்கு 600 கிலோ. குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரத்துக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. கொண்டோவின் பன்னிரண்டாம் மாடியில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் முதல் நாளே 90 கிலோவுக்கு மேல் கடலுப்பு கரைக்க வேண்டும்; வாரம் பத்து விழுக்காடு நீரை மாற்றினால் வாரந்தோறும் 9 கிலோவுக்கு மேல்.

இத்தனையும் செய்தாலும் சுறாவின் உடல் மற்ற மீன்களின் உடல் அல்ல. அலங்கார மீன்களுக்கு ஒட்டுண்ணி வந்தால் வழக்கமாக ஊற்றும் செம்பு மருந்து சுறாவுக்கு ஆபத்தானது. தொட்டி நீரில் நைட்ரேட் சேர்ந்தால் அயோடினை உடல் ஏற்பது தடைப்பட்டு, அடைபட்டு வாழும் சுறாக்களுக்குத் தொண்டைக்கழலை வருகிறது. இவற்றைவிட என்னை யோசிக்க வைப்பது அதன் மின்னுணர்வு. சுறாவின் மூக்கைச் சுற்றிலும் ஊசித்துளைகள் போன்ற நுண்குழிகள் இருக்கும். மணலுக்குள் புதைந்திருக்கும் நண்டின் உடலிலிருந்து கசியும் மிக மெல்லிய மின்சாரத்தைக்கூட அவற்றால் அது அறிந்துகொள்ளும். 2013-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழுப்புப் பட்டை பேம்பு ஷார்க்கின் முட்டைகளுக்கு அருகே எதிரி மீன் வந்தது போன்ற மின்புலத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். பிறக்காத குஞ்சு வாலாட்டுவதை நிறுத்தி, செவுள் அசைவையும் அடக்கி உறைந்து நின்றது. முட்டைக்குள் இருக்கும்போதே மின்சாரத்துக்கு அஞ்சத் தெரிந்த உயிரை பம்பு, விளக்கு, சில்லர் எல்லாம் சூழ்ந்த கண்ணாடிப் பெட்டியில் ஆயுள் முழுக்க வைப்பதற்கு முன் ஒருமுறையேனும் தயங்க வேண்டாமா?

“சரி, குளிர்க்கடல் மீன் வேண்டாம், நம் கடல் சுறாவையே வளர்க்கலாமே” என்பது நியாயமான கேள்வி. மலாய்க்காரர்கள் யூ சிச்சாக் என்று அழைக்கும் பேம்பு ஷார்க்கும், புள்ளிகள் நிறைந்த பவளப்பாறைப் பூனைச்சுறாவும் நம் வெப்பத்துக்குப் பழகியவை. சில்லர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அளவுப் பிரச்சினை தீராது. ஏறத்தாழ 15 சென்டிமீட்டரில் முட்டையிலிருந்து வெளிவரும் பழுப்புப் பட்டை பேம்பு ஷார்க் ஒரு மீட்டர் வரை வளரும். பூனைச்சுறா 70 சென்டிமீட்டர். இடமும் அனுபவமும் உள்ளவர்கள் சுறா வளர்ப்பைப் பற்றி யோசிப்பதானால் இந்த இரண்டைப் பற்றித்தான் யோசிக்க முடியும். இரண்டுமே அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் நிலையை நெருங்கும் இனங்களாகப் பட்டியலிடப்பட்டவை. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் பாதுகாக்கப்படும் திமிங்கிலச் சுறாவைப் போல இவற்றுக்குக் காப்பு இல்லை. சட்டம் தடுக்காத இடத்தில் வாங்குபவரின் மனச்சாட்சிதான் காவல்.

வாங்குபவர் ஒருவர்தானே என்று நினைக்கலாம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் நடந்தது வேறு கதை சொல்கிறது. 36 அங்குலத்துக்குக் குறைவான லெப்பர்ட் ஷார்க்கைப் பிடிக்கக் கலிஃபோர்னியச் சட்டம் தடை விதித்திருக்க, ஒரு மதபோதகரும் கூட்டாளிகளும் ஆண்டுக்கணக்கில் குட்டிகளைப் பிடித்து வீட்டுத் தொட்டிச் சந்தைக்கு விற்றார்கள். 2006-இல் வழக்குத் தொடுக்கப்பட்டு, மறு ஆண்டு அந்தப் போதகருக்குச் சிறையும் ஒரு லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. இந்த இனத்தின் பெண் மீன் குட்டி போடும் பருவத்தை எட்டவே பத்தாண்டுக்கு மேல் ஆகும். வேண்டும் என்று கேட்பவர்கள் தொலைதூர நகரங்களில் இருக்க, குட்டிகள் காணாமல் போனது அந்த வளைகுடாவில்.

அக்குவேரியங்கள் இன அழிவைத் தடுக்கின்றனவே என்பார்கள். உண்மைதான். இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டில் அருகிவிட்ட வரிக்குதிரைச் சுறாவை மீட்க, பொது அக்குவேரியங்களில் இடப்பட்ட முட்டைகளைக் கொண்டுபோய்ப் பொரிக்கவைத்து, 2023 ஜனவரியில் முதல் குட்டிகளைக் கடலில் விட்டார்கள். ஆனால் அதற்கு மரபணுச் சோதனை, மருத்துவர்கள், அரசின் ஒப்புதல் எல்லாம் தேவைப்பட்டன. வரவேற்பறைத் தொட்டியில் தனியாகச் சுற்றும் ஒரு போர்ட் ஜாக்சன் சுறா எந்தக் கடலுக்கும் திரும்பப் போவதில்லை. “சுறாப்புட்டு சாப்பிடுகிறோமே, அது பரவாயில்லையா?” என்பது இன்னும் கூர்மையான கேள்வி. சாப்பாட்டுக்குப் பிடிபடும் சுறாவைப் பற்றியும் நாம் பேசத்தான் வேண்டும்; குட்டிச் சுறாக்கள் சந்தைக்கு வருவது எனக்கும் வருத்தமே. அதற்காக, ஓர் உயிரை ஆண்டுக்கணக்கில் மெதுவாக வாட்டுவது நியாயமாகிவிடாது.

பிள்ளைகளுக்குச் சுறாவைக் காட்ட ஆசைப்படும் பெற்றோர், 2005-இல் திறக்கப்பட்ட கே.எல்.சி.சி. அக்குவேரியத்துக்குப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து எல்.ஆர்.டி. ஏறியே போய்வரலாம். 90 மீட்டர் கண்ணாடிக் குகைக்குள் தலைக்கு மேலே சுறா நீந்துவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, வீட்டுத் தொட்டி எவ்வளவு சிறியது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியும் ஒரு கடையில் சுறாக்குட்டியோ முட்டையோ கண்ணில் பட்டு மனம் இளகினால், விலையைக் கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: இது முழுதாக வளர்ந்தால் எத்தனை அடி, எந்தக் கடலின் எத்தனை டிகிரி நீரில் பிறந்தது, தொட்டியில் இனப்பெருக்கம் செய்ததா கடலில் பிடித்ததா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். விற்காத மீனைக் கடைக்காரர் மறுமுறை வரவழைக்க மாட்டார்.