கடைப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குவோம்



நாவலூர் வட்டாரத்தில் பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் கணினிக் கம்பெனிகள். நம் பிள்ளைகளும் படித்து அங்கே வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். தவறில்லை. ஆனால் "கடைப் பக்கம் வராதே, போய்ப் படி" என்று சிறு வயது முழுதும் சொல்லி வளர்த்த பிள்ளை, பிற்காலத்தில் கடைக்கு வருவதில்லை. முப்பது நாற்பது ஆண்டு வாடிக்கை உள்ள கடைகூட, பார்த்துக்கொள்ள ஆளின்றிக் கைமாறிவிடுகிறது. படிப்பும் தொழிலும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. படிக்கும் வயதிலேயே தொழில் அறிவையும் ஊட்டலாம்.

நம் முன்னோர் இதை முறையாகவே செய்தார்கள். நகரத்தார் சமூகத்தில் பையன்களைப் பெட்டியடியில் உட்கார வைத்துக் கணக்கு பழக்கினார்கள். சொந்தக் கடையில் செல்லம் கூடிவிடும் என்று உறவினர் கடைக்கு அனுப்பியவர்களும் உண்டு. திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 14 வயதில் பர்மாவுக்குச் சென்று மாமா கடையில் தொழில் பழகினார். 1900-ல் மௌல்மீனில் தாமே வட்டிக்கடை தொடங்கினார். இன்றைய முருகப்பா குழுமத்துக்கு அதுவே தொடக்கம்.

நம் கடைகளில் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழையும் வாங்கும் அளவில் சிறு பாக்கெட்டில் பொருளைக் கொடுக்கலாம் என்று முயன்றவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அதைப் பார்த்து வளர்ந்த மகன் சி.கே. ரங்கநாதன், 1983-ல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே 'சிக்' ஷாம்பு தொடங்கினார். காலிப் பாக்கெட் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்று அவர் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். வாங்குபவரின் கைக்காசு எவ்வளவு என்று வீட்டிலேயே அறிந்தவருக்கு இந்த யோசனை வந்தது.

பிள்ளைக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது கணக்கு. கிலோ 100 ரூபாய் வீதம் 50 கிலோ பருப்பு மூட்டை வாங்கி 110-க்கு விற்றால் லாபம் எவ்வளவு என்று கேளுங்கள். 500 என்று சொல்லும். வண்டிக்கூலி 50, பை 60, எடைக்குறைவு அரைக் கிலோவுக்கு 55 கழித்தால் 335 தான் நிற்கும். கடன் சொல்லிப் போனவர் 2 கிலோவுக்குப் பணம் தராவிட்டால் 115. வாடகையும் மின்கட்டணமும் இன்னும் கழிக்கவில்லை. கல்லாவில் இருக்கும் பணம் எல்லாம் நம் பணம் அல்ல என்பது அப்போது புரியும்.

அடுத்து, சிறு முதல் கொடுங்கள். விடுமுறையில் 500 ரூபாய்க்கு நோட்டு, பென்சில் போன்ற ஒரு சரக்கை அவர்களே தேர்ந்து, விலை வைத்து விற்கட்டும். விற்காமல் தேங்கினால் நீங்கள் ஈடுகட்ட வேண்டாம். ஏன் தேங்கியது என்று கூட உட்கார்ந்து பாருங்கள். வரும் லாபம் அவர்களுக்கே. 10 வயது நிரம்பிய பிள்ளை, வங்கி வைக்கும் வரம்புக்குள், தன் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தானே நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் இதே பயிற்சி தேவை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டு திருத்தத்தின்படி 14 வயதுக்கு உட்பட்ட யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. மீறினால் 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. சொந்தப் பிள்ளை மட்டும், பள்ளி நேரம் முடிந்தும் விடுமுறையிலும், படிப்புக்குக் குறைவின்றி, ஆபத்தில்லாத வேலையில் உதவலாம். மூட்டை தூக்க வைப்பது தொழில் பழக்குவது ஆகாது. சம்பள ஆளுக்கு மாற்றாகப் பிள்ளையை நிறுத்தினால் கடை மீதே வெறுப்பு வந்துவிடும்.

18 வயது நிரம்பி, சொந்தமாகத் தொடங்க விரும்புவோருக்கு, வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத்துடன் வங்கிக் கடன் கிடைக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். விவரங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

பிள்ளை பிறகு எந்த வேலைக்குப் போனாலும் இந்தப் பழக்கம் வீண் போகாது. கடைக்கே வர விரும்பினால் விவரம் தெரிந்து வருவார்கள். வரும் விடுமுறையிலேயே, ஒவ்வொரு கடையிலும் பிள்ளை பெயரில் ஒரு கணக்கு நோட்டுப் போடுவோம்.