ஏரிக்கு ஏரி பரவும் களையும் ஊர்கள் கூடிச் செய்ய வேண்டிய ஆராய்ச்சியும்

களை எடுத்தல் நம் உழவர்க்குப் புதிய வேலையன்று. நடவு முடிந்து சில நாட்களில் முதற்களையும், அதன்பின் இரண்டாம் களையும் எடுப்பது வழிவழியாக வந்த வழக்கம். அது வரப்புக்குள் அடங்கிய வேலை. பெரும்பாலும் அவரவர் வயலை அவரவர் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் இன்று நம் ஏரிகளையும் ஓடைகளையும் மூடி நிற்கும் களைகள் வரப்பை அறியா. ஊர் எல்லையையும் அறியா. ஆதலின் அவற்றை ஒழிக்கும் முயற்சியும், அதற்கு வழிகாட்டும் ஆராய்ச்சியும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்கிவிடலாகாது. இதனைத் தாம்பரம் சுற்றுப்புறத்தின் நிலையைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே நீர், பல பொறுப்பாளர்

தாம்பரத்திற்குக் கிழக்கேயுள்ள ஏரிகள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று தொடர்புடையவை. சிட்லபாக்கம் ஏரியின் மிகைநீர் செம்பாக்கத்திற்கும், அங்கிருந்து நன்மங்கலத்திற்கும் சென்று, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. இச்சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சேர்க்கப்பட்டு உலக மதிப்புப் பெற்றது. மேற்கே முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றில் கலக்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மக்கள் பட்ட துன்பத்தை எவரும் மறந்திருக்க இயலாது. பெருமழைக் காலத்தில் நீரின் வழியில் எந்தத் தடையும் இருத்தலாகாது என்பதை அந்நாட்கள் நமக்கு உணர்த்தின.

நீர் ஒன்றாயினும் அதன் பொறுப்பாளர் பலர். தமிழ்நாட்டில் பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உடைய ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதனினும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. பள்ளிக்கரணைக் காப்பு நிலம் வனத்துறையைச் சார்ந்தது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபின், கழிவுநீர், குப்பை ஆகியவற்றின் பொறுப்பு பெரும்பகுதி அதனைச் சேர்ந்ததாயிற்று. ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செவ்வனே செய்தாலும், மேலேரியில் எஞ்சிய ஒரு கொத்துச் செடி மிகைநீரோடு இறங்கிக் கீழேரியை மீண்டும் மூடிவிடக் கூடும். மழைக்கு முன் செலவிட்ட பணம் அடுத்த கோடைக்குள் வீணாகிறது.

ஆகாயத்தாமரையின் இயல்பு

இக்களைகளுள் முதன்மையானது ஆகாயத்தாமரை. தென்னமெரிக்காவில் பிறந்த இது, மலரின் அழகு கருதிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்டது. உரமிக்க வெதுவெதுப்பான நீரில் ஏறக்குறைய இரு வாரங்களில் இருமடங்காகப் பெருகவல்லது. தண்டிலிருந்து கிளைக்கும் பக்கக்கன்றுகளால் பரவுவதோடு, இதன் விதைகள் ஏரிச் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். எனவே ஒருமுறை வாரிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதற்கில்லை. இச்செடி நீரின்மேல் பாய்போல் படர்ந்து வெயிலை மறைக்கிறது, நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன் மடிகிறது, கொசு பெருகுகிறது, மதகும் கலங்கலும் அடைபடுகின்றன. இவ்வளவு வளர்ச்சிக்கும் உணவாவது ஏரியில் கலக்கும் கழிவுநீரே. கழிவுநீரைத் தடுக்காமல் செடியை மட்டும் அகற்றுவது, அடுப்பை அணைக்காமல் பொங்கும் பாலை ஊதுவதை ஒக்கும்.

கள்ளி கற்பித்த பாடம்

வேற்றுநாட்டுக் களையை வெல்ல இயலுமா என ஐயுறுவோர் சப்பாத்திக்கள்ளியின் வரலாற்றை அறிதல் நலம். 1795ஆம் ஆண்டில் செஞ்சாயம் எடுக்கக் கருதி ஒரு பூச்சியை இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். சாயம் நன்கு கிடைக்கவில்லை. ஆனால் அப்பூச்சி ஒருவகைக் கள்ளியை அழித்தது. மற்றொரு வகைக் கள்ளியை அது தீண்டவில்லை. அவ்வகைக்கு ஏற்ற வேறொரு பூச்சி 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் பரந்து கிடந்த கள்ளிக்காடுகள் அடங்கின. ஒவ்வொரு களைக்கும் தனி ஆராய்ச்சி வேண்டும் என்பதும், அண்டை நாட்டின் அனுபவம் நமக்கு உதவும் என்பதும் இதனால் விளங்கும்.

அவ்வழியிலேயே 1980களின் தொடக்கத்தில் ஆகாயத்தாமரையைத் தின்னும் கூன்வண்டுகள் பெங்களூருக்குக் கொணரப்பட்டு, சோதனைக்குப்பின் நீர்நிலைகளில் விடப்பட்டன. பார்த்தீனியத்தை உண்ணும் வண்டும் மெக்சிகோவிலிருந்து வந்தது. கூன்வண்டு சில இடங்களில் நல்ல பயன் தந்தது. பயன் தராத இடங்களும் உண்டு. இங்கேதான் கூடிச் செய்யும் ஆராய்ச்சியின் தேவை புலனாகிறது. வண்டு தன் வேலையைச் செய்து முடிக்கச் சில ஆண்டுகள் வேண்டும். அதற்குள் இயந்திரம் கொண்டு செடி முழுவதையும் வாரினால், செடியோடு வண்டும் கரையேறிக் காய்ந்துபோகும். ஒரு துறை வண்டை விட, மற்றொரு துறை அதனை அறியாமல் இயந்திரத்தை விட, இரண்டு செலவும் பயனின்றிப் போவதற்கு இடமுண்டு.

திட்டம் எவ்வாறு அமைய வேண்டும்?

நம் நாட்டில் களை ஆராய்ச்சிக்கு அடிப்படை இல்லாமலில்லை. 1978ஆம் ஆண்டில் அகில இந்திய ஒருங்கிணைந்த களை ஆராய்ச்சித் திட்டம் தொடங்கிற்று. 1989ஆம் ஆண்டில் ஜபல்பூரில் தேசிய ஆராய்ச்சி மையம் அமைந்து, இன்று களை ஆராய்ச்சி இயக்ககமாக விளங்குகிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அத்திட்டத்தின் ஓர் அங்கம். நம் அருகிலேயே காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செம்பாக்கம் ஏரியைச் சீரமைக்கும் பணியில் சென்னை ஐ.ஐ.டி.யும் தொண்டு நிறுவனங்களும் கைகோத்தன. இவற்றை ஏரிச் சங்கிலியோடு இணைப்பதே எஞ்சியுள்ள வேலை. அதற்கு நான்கு படிகள் தேவை.

முதலாவது, எந்த ஏரியில் எக்களை, எவ்வளவு பரப்பில், எம்மாதத்தில் உள்ளது என்பதைக் காட்டும் ஒரே பதிவேடு. அது ஊர்வாரியாக அன்றி, நீர்வழிவாரியாக அமைதல் வேண்டும்.

இரண்டாவது, பொதுவான வேலைமுறை. மேலேரியிலிருந்து கீழேரி நோக்கித் துப்புரவு நடைபெற வேண்டும்; வண்டு விட்ட ஏரியில் ஒரு பகுதிச் செடியை வண்டின் உறைவிடமாக, மிதவைக் கயிறு கட்டி, மதகிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, நம் நிலத்திற்குரிய வினாக்களுக்கு விடை காணல். கோடையில் வற்றும் ஏரியில் கூன்வண்டு நிலைக்குமா? கழிவுநீரில் வளர்ந்த செடியை மக்கவைத்த உரத்தில் நச்சு உலோகம் தங்குமா? அவ்வுரத்தைக் கீரைப் பாத்திக்கு இடலாமா? சோதனைச்சாலை விடை தராமல் உழவரிடம் அவ்வுரத்தைக் கொடுத்தல் முறையன்று.

நான்காவது, முடிவுகளை ஊரார் அறியச் செய்தல். ஆகஸ்டு 16 முதல் 22 வரை நாடெங்கும் நடைபெறும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரத்தையும், கிராம சபைக் கூட்டங்களையும் இதற்குப் பயன்படுத்தலாம். தூண்டில் போடுவோர், மாடு மேய்ப்போர், மதகு திறப்போர் ஆகியோரே களையின் முதல் கன்றைக் காண்பவர்கள். அவர்கள் சொல்லும் செய்தி பதிவேட்டில் ஏற வேண்டும்.

சீமைக் கருவேலம் முதலிய அயல் தாவரங்களை அகற்ற 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு தனிக் கொள்கையை வெளியிட்டது. கொள்கை வகுத்தல் அரசின் கடமை. அதனை ஏரிக்கரைவரை கொண்டுசெல்வது ஒன்றியங்களின் கடமை. கீழேரியின் நலம் மேலேரியின் பொறுப்பு என்பதைச் சங்கிலியிலுள்ள ஒவ்வோர் ஊரும் ஏற்றுக்கொண்டால், ஆண்டுதோறும் வாரியதையே மீண்டும் வாரும் நிலை மாறும். நீர் தன் வழியே தடையின்றிச் செல்லும்.